யாரும் வர வேண்டியதில்லை

எங்கள் அலுவலகத்தில் அவரை வாசல் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெரிய நிறுவனங்களுக்கான ஒரு மென்பொருளை நாங்கள் செய்கிறோம். ஒரு நிறுவனத்திடம் குவிந்து கிடக்கும் லட்சக்கணக்கான படங்கள், வீடியோக்கள், லோகோக்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, கேட்ட நொடியில் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. யார் எதைத் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இதை என் அம்மாவுக்கு விளக்கியபோது, "போட்டோவ அடுக்கி வைக்கவா காலேஜுக்குப் போன?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி மாட்டி வைத்திருப்பவரே இப்படிக் கேட்டார்.

புதிய ஆள் ஒருவர் இந்த மென்பொருளை முதன்முறை திறக்கும்போது எந்தத் திரை வர வேண்டும், அடுத்து என்ன கேட்க வேண்டும், எந்த இடத்தில் அவரைத் தானாகப் போக விட வேண்டும் என்றெல்லாம் வரைந்து வைக்க வேண்டும். அலுவலகத்தில் இதற்கு ஆன்போர்டிங் என்று பெயர். அக்கா அதை வாசல் என்பார். "வாசல்லயே தலைய இடிச்சுக்கிட்டா எவன் உள்ள வருவான் தம்பி?" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

அக்கா விசிட்டிங் கார்டு அச்சடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கம்ப்யூட்டரைத் தொட்டு, மாலை வகுப்பில் படித்து இந்த வேலைக்கு வந்தவர். வெளியே போனாலும் வேலை அவரை விடாது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முழுக்கப் படிப்பார். புதிதாக ஒரு கட்டடத்துக்குப் போனால், லிஃப்ட் அருகே நின்று, வருகிறவர்கள் எந்தப் பொத்தானைத் தேடித் தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பார்.

அவர் கணவர் வேறொரு நாட்டில், ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கல்யாணமான வருஷமே போய்விட்டார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ஊர் பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் அவர்களுடைய குடித்தனம் கேன்டீனில் நடந்தது. நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவருக்குக் காலை. அக்கா போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து வீடியோ கால் போடுவார். ஒரே மேஜையில் சாப்பிடுவதால் நானும் அதில் அடக்கம். அவரை மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

"தம்பி, உங்க அக்கா சாப்பிடுறாளா, இல்ல என்னப் பாத்தே வயிறு நெறஞ்சுடுச்சா?"

"உங்கள பாத்தா பசி போயிடும், அது வாஸ்தவம்தான்" என்பார் அக்கா.

"கேட்டுக்கோ தம்பி. நீ கல்யாணம் பண்ணிக்காத."

சிரிப்பார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் தட்டைக் கழுவ எழுந்துவிடுவேன்.

சொந்தச் செலவில் அக்கா அங்கே போவது நடக்காத காரியம். டிக்கெட் ஒரு பக்கம் இருக்கட்டும், மாமா தங்கியிருந்தது நாலு பேர் சேர்ந்த அறை. ஆனால் வேலை விஷயமாகப் போக ஒரு வழி இருந்தது. அந்த வழிக்குக் காரணம் எங்கள் மென்பொருளின் நாலாவது திரை.

முதல் மூன்று திரைகளை யாரும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம். நாலாவது திரையில் ஒரு பெரிய வெற்று அட்டவணை வரும். உங்கள் படங்களுக்கு என்னென்ன விவரம் வேண்டும், எடுத்தவர் பெயரா, இடமா, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், எந்தப் பிரிவு திறக்கலாம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். உள்ளே ஒரு படம்கூட இல்லாத நேரத்தில் கேட்கும். எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். நிறுவனத்திலிருந்து போன் வரும். எங்களில் ஒருவர் விமானம் ஏறிப் போய், மூன்று வாரம் ஓட்டலில் தங்கி, பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவார். பனியில் நின்று எடுத்த படங்கள் எங்களில் பலரின் மேஜையில் இருப்பது அந்த அட்டவணையின் புண்ணியம்.

இந்த முறை மென்பொருளை வாங்கியது ஒரு கப்பல் சரக்கு நிறுவனம். மாமா இருக்கும் அதே துறைமுக நகரம். போவது அக்காவின் முறை. எங்கள் மேனேஜருக்கு அவசரம் என்று பட்டப்பெயர், எதற்கும் அந்தச் சொல்லைத்தான் முதலில் சொல்வார். அவர் வந்து, "அவசரம். அடுத்த மாசம் நீங்க கெளம்பணும். அதுக்குள்ள ஆன்போர்டிங்க முழுசா மாத்தி வரைஞ்சு குடுத்துடுங்க" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். ஒன்று நன்றாக நடந்தால் இன்னொன்று நடக்காது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மதியம் மாமா போனிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். எந்த ஷிஃப்டை யாருக்கு மாற்றிக் கொடுப்பது, எந்த ஓட்டல் துறைமுகத்துக்குப் பக்கம் என்று. "வந்தா ஒரு வாட்டி கிரேன் கேபினுக்குக் கூட்டிட்டுப் போறேன். விட மாட்டாங்க. ஆனா கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் எந்தத் திரையையும் ஆளை வைத்துச் சோதிப்போம். மென்பொருளைப் பார்த்தே இராத ஒருவரை அழைத்து உட்கார வைத்து, பின்னால் நாம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். எது தெரியாமல் விழித்தாலும் உதவக் கூடாது. அக்காவின் விரல் தானாகத் திரையை நோக்கிப் போகும் என்பதால், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார்.

கணக்குப் பிரிவு அம்மா வந்தார். நாலாவது திரையில் நின்றார். "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம், யாராவது கூட இருந்து சொல்லிக் குடுங்க" என்று எழுந்துவிட்டார். வரவேற்பில் இருப்பவர் வந்தார். அதே இடம். அவர் மட்டும் மவுஸை ஆட்டிக்கொண்டே, "மொதல்ல படத்தப் போட விட்டா என்ன?" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

அக்கா இரண்டு நாள் எதையோ வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எதையோ கேட்கப் போனபோது அவர் திரையில் புதிதாக ஒன்றைப் பார்த்தேன். அட்டவணையைக் காணோம். 'உங்கள் படங்களில் சிலவற்றை இங்கே போடுங்கள்' என்று ஒரு வரி. போட்டால், படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் தேதியையும் இடத்தையும் மென்பொருளே படித்து நிரப்பிக்கொள்ளும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: 'இவற்றை யார் பார்க்கலாம்?' அவ்வளவுதான்.

"அக்கா, இது பிரமாதமா இருக்கே. அவசரத்துக்கிட்ட காட்டியாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"காட்டினா நான் எங்க போறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது: இந்தத் திரை போனால் ஆள் போக வேண்டியதில்லை. "அப்ப காட்டாதீங்க. யாரு கேக்கப் போறா? போயிட்டு வந்து காட்டிக்கலாம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"நானும் அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கேன்" என்றார் அக்கா. அந்தக் கோப்புக்கு 'பழசு' என்று பெயர் வைத்து மூடினார்.

அதற்கடுத்த வாரம் அந்தக் கப்பல் நிறுவனத்துடன் வீடியோ காலில் ஒத்திகை. அங்கே படங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. அவர் பேசியது வேறு மொழி, நான் நம் பேச்சில் எழுதுகிறேன். அவருடைய திரை எங்கள் சுவரில் தெரிந்தது. அக்கா வழக்கம்போலக் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். மூன்று திரை தாண்டியது. நாலாவதில் அட்டவணை. மவுஸின் அம்புக்குறி கட்டங்களுக்கு மேலே வழி தெரியாத ஈ மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. வெகு நேரம் சுற்றியது. பிறகு நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க" என்றார் அந்தப் பெண்மணி. "எனக்கு இது வரல. இத்தன வருஷம் இந்தப் படங்களோடதான் இருக்கேன், ஆனா இந்த மாதிரி விஷயத்துல நான் கொஞ்சம் மந்தம். என்னைவிடச் சின்னவங்க யாரையாவது உக்கார வைக்கச் சொல்லட்டுமா?"

"அய்யோ, அதெல்லாம் வேண்டாம்" என்றார் மேனேஜர். "இதுக்குன்னே எங்க ஆளை அனுப்புறோம். மூணு வாரம் உங்க பக்கத்துலயே இருப்பாங்க."

"அப்படியா? எப்ப வருவாங்க?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். தேதியைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். தேதி அக்காவுக்கு மனப்பாடம். எனக்குமே மனப்பாடம்.

அக்கா கைகளை வெளியே எடுத்தார். விரல்கள் சிவந்து, தொடைத் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது.

"இன்னொரு திரை இருக்கு" என்றார். "ஒரு நிமிஷம் இருந்தீங்கன்னா அதையும் பாத்துடலாம்."

'பழசு' திறந்தது. அந்தப் பெண்மணி தயங்கித் தயங்கிச் சில படங்களைப் போட்டார். துறைமுகத்தின் காலை, மஞ்சள் கிரேன்களின் வரிசை, மழையில் நனைந்த ஒரு சரக்குப் பெட்டகம். தேதியும் இடமும் தாமாக வந்து உட்கார்ந்தன. கடைசிக் கேள்விக்குப் பதில் அழுத்தினார். முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் அடுத்த கட்டத்துக்காகக் காத்திருந்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நான் தப்பா எதுவும் பண்ணலயே?"

"இல்லம்மா. நீங்க முன்னாடியும் தப்பா எதுவும் பண்ணல."

அவர் சிரித்தார். குழந்தை மாதிரி, நிம்மதியாக. பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "அப்ப யாரும் வர வேண்டியதில்லயா?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "வேண்டியதில்ல" என்றார்.

கைதட்டல், செலவு மிச்சம் என்ற பேச்சு, மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இதையே அனுப்பிவிடலாம் என்ற அவசரம் எல்லாம் முடிந்து நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "ஏன்க்கா?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட இருந்தது.

"தன்ன மந்தம்னு சொல்லிக்கிட்டாங்க பாத்தியா. அது நெஜமில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எப்படி அவங்க பக்கத்துல மூணு வாரம் உக்காந்திருக்கிறது?" என்றார். கொஞ்சம் கழித்து, "கிரேன் எல்லாம் மஞ்சள் கலர்ல இருந்துச்சு இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் மதியம் போன் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்தது. நான் எழப் போனேன். "உக்காரு" என்றார் அக்கா. தனியாகச் சொல்லப் பயம் போல.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மாமாவுக்குப் பின்னால் யாரோ கெட்டில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நல்லாப் பண்ணியிருக்கன்னு அர்த்தம்" என்றார் கடைசியில்.

"ம்."

"ரொம்ப நல்லாவா?"

"ரொம்ப நல்லா."

"சரி விடு. கொஞ்சம் மட்டமாப் பண்ணத் தெரியாத பொண்ணக் கட்டினது என் தப்பு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்க குளிரும்னு உனக்கு ஒரு கோட் வாங்கி வெச்சேன். சொல்லல. வந்ததும் குடுக்கலாம்னு."

அக்கா சாப்பாட்டைக் கிளறிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "என் அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தெரியும்? கடைக்காரி நம்பர் கேட்டா. முழிச்சேன். அப்புறம் இப்படிக் காட்டினேன்."

கிரேன் நெம்புகோலைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இரண்டு கைகளையும் மாமா திரைக்கு முன்னால் தூக்கி, நடுவில் ஓர் ஆள் நிற்பதுபோல வளைத்துக் காட்டினார். கேன்டீனில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா போனுக்கு அருகே குனிந்து அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு இல்ல" என்றார். "நான் எளச்சுட்டேன்."

மாமா கைகளைக் கொஞ்சம் உள்ளே இழுத்தார்.

"இன்னும்."

இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"ம்" என்றார் அக்கா. "அப்படியே வெச்சிருங்க."