மலையேற ஒரு டீசல் பம்பு

சிறுமலைக்குப் போகும் பாதையில் எங்கள் லாரி நின்றுபோன அன்று வெயில்கூடச் சரியாக ஏறியிருக்கவில்லை. மலையில் வீடு கட்டும் ஒருவருக்காகச் சிமென்ட் மூட்டை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம். கீழேயிருந்து ஏதாவது சரக்கு ஏற்றிப் போவது, அதை இறக்கிவிட்டு மலைவாழைத் தார்களை வாங்கிக்கொண்டு திண்டுக்கல் மண்டிக்குத் திரும்புவது, இதுதான் எங்கள் பிழைப்பு. வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர். தோட்டங்களில் தார் பார்த்து விலை பேசுவது நான். அதனால் என் பாதி வாழ்க்கை அந்த லாரியின் முன்சீட்டில்தான் போயிருக்கிறது.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எஞ்சின் சத்தம் இளைத்தது. அவர் கியரைக் குறைத்தார். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. எஞ்சின் அணைந்ததில் பிரேக்கும் சரியாகப் பிடிக்காமல் மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது.

"கட்டையப் போடு! சீக்கிரம் இறங்கிக் கட்டையப் போடு!" என்று கத்தினார்.

காலடியில் கிடந்த மரக்கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தேன். பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்ததும் வண்டி அதில் சாய்ந்து நின்றது. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் புல், அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. கீழே மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன.

பின்னால் வந்த பஸ் நின்றது. அதிலிருந்த ஆண்கள் இறங்கி மூட்டைகளைச் சாலையோரம் இறக்கி அடுக்கிக் கொடுத்தார்கள். எஞ்சின் ஆறியபிறகு வெறும் வண்டியாக ஊர் வந்து சேர்ந்தோம். மூட்டைகளை வீடு கட்டுகிறவரே வேறு வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டார்.

மெக்கானிக் பார்த்துவிட்டு, டீசல் பம்பு தேய்ந்துவிட்டது என்றார். சூடானதும் எஞ்சினுக்குப் போக வேண்டிய டீசலை அதனால் தள்ள முடியவில்லை. பழுது பார்க்கிற நிலையையும் தாண்டிவிட்டது. வேறு பம்புதான் போட வேண்டும்.

அது வரைக்கும் ஏறும்போது சுமை ஏற்றாமல் வெறும் வண்டியாக அவர் மலைக்குப் போய், தார் மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தார். நான் பஸ்ஸில் போனேன். முன்னாடியே போய்த் தார் பார்க்க வசதி என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். லாரியை விற்றுவிடலாம் என்று சொல்ல வாய் வரை வரும், அவர் அதைக் கழுவித் துடைப்பதைப் பார்த்தால் உள்ளே போய்விடும்.

பம்புக் கடை நத்தம் சாலையில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. இருவரும் போனோம். எங்களோடு என் கொழுந்தனும் வந்தார். அவரும் லாரி வைத்திருக்கிறார். கடைக்காரர் மேஜைமேல் இரண்டு பம்புகளைத் தூக்கி வைத்தார். ஒன்று எங்கள் எஞ்சினுக்கே உரியது. மற்றது பெரிய எஞ்சினுக்கு வருவது, ஆனால் இதிலும் பொருத்தலாம், டீசலை அள்ளிக் கொடுக்கும், மேட்டில் பிய்த்துக்கொண்டு போகும் என்றார்.

"அண்ணே, யோசிக்கவே யோசிக்காத. என் வண்டியில பெருசுதான் கெடக்கு. ஒருத்தன் முந்த முடியாது" என்றார் கொழுந்தன்.

என் வீட்டுக்காரர் பெரிய பம்பின் மேல் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. இவருக்கும் இந்த வயதில் பந்தயம் ஓட்டும் ஆசை வந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ரெண்டுமே நான் விக்கிறதுதான். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் கடைக்காரர்.

"மதினி மொகத்தப் பாத்தா நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்கு. நாளைக்கு நான் மலைக்கு லோடு ஏத்திட்டுப் போறேன். ரெண்டு பேரும் கூட வாங்க, பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் கொழுந்தன்.

போனோம். உண்மையைச் சொல்லவேண்டும், அந்த வண்டி பறந்தது. செங்கல் லோடு இருக்கிற நினைப்பே இல்லை. நாங்கள் நின்றுபோன வளைவை அது ஒரே மூச்சில் தாண்டியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதையே போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் பக்கக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே தெரியவில்லை. அவ்வளவு கரும்புகை. எதிரே ஒரு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பெண் சேலைத் தலைப்பால் மடியிலிருந்த பிள்ளையின் முகத்தை மூடினாள்.

இன்னும் சில வளைவுகள் ஏறியதும் கொழுந்தன் வண்டியை ஓரங்கட்டினார். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போயிருந்தது. முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது.

"என்னய்யா ஆச்சு?" என்று பதறினேன்.

"ஒண்ணுமில்ல மதினி. செத்த நேரம் நிப்பாட்டுனா ஆறிரும். வழக்கமா நடக்குறதுதான்."

"வழக்கமாவா?"

"ஆமா. போன மாசம் சூட்டுல கோணிப்போயி எஞ்சின் ஹெட்டக்கூடக் கழட்டி மாத்துனேன். ஆனா இழுவையப் பாத்தீகல்ல?"

என் வீட்டுக்காரர் போய்ப் பாறை நிழலில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேசாமலே இருந்த விஷயத்தை அங்கேதான் பேசினேன்.

"ஏங்க, எனக்கு யாரையும் முந்த வேணாம். வண்டி நிக்கக் கூடாது, அம்புட்டுத்தான். இதுவும் மலையில நிக்கத்தான செய்யுது?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் முந்துறதுக்கா பெரிய பம்பு வேணும்னு நெனச்சேன்?" என்றார். "அன்னைக்கு பிரேக்க மிதிச்சுக்கிட்டு இருந்தப்ப காலு வெடவெடன்னு ஆடுச்சு. கட்ட வழுக்கிருந்தா நீ சக்கரத்துக்குப் பின்னாலதான நின்ன. அந்த நெனப்பு போக மாட்டேங்குது. எம்புட்டுப் பெரிய பம்பு இருக்கோ அதப் போட்டுருவோம்னுதான் தோணுச்சு."

இத்தனை நாளும் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவரும் அதே பயத்தோடு தனியாக வண்டி ஓட்டிப் போய் வந்திருக்கிறார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்தன் கேனில் தண்ணீர் பிடித்து வருவது தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

மறுநாள் கடையில் என் வீட்டுக்காரரே, "எங்க எஞ்சினுக்கு உள்ள பம்பே போதும்" என்றார். கடைக்காரர் அதைச் சோதனை மெஷினில் பூட்டி ஓட்டிக் காட்டினார். பம்பிலிருந்து வரும் டீசல் நான்கு கண்ணாடிக் குழாய்களில் இறங்கியது. முதலில், கழற்றிக் கொண்டுபோயிருந்த எங்கள் பழைய பம்பைப் பூட்டியபோது ஒரு குழாய் பாதிகூட நிறையவில்லை, இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. புதியதில் நான்கும் ஒரே மட்டத்தில் ஏறி நின்றன. எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நான்கு குழாய்களையும் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"மேட்டுக்குப் போற வண்டி. புகை வராத அளவுக்கு டீசல ஒரு நூல் கூட்டி வைக்கவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பம்பு பூட்டிய பிறகு முதல் லோடு உர மூட்டை. பஸ்ஸுக்குப் போகாமல் நேராக லாரியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் சாவியைத் திருகாமல் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, "வாரியா?" என்றார்.

"ஏறி உக்காந்தப்புறம் என்ன கேள்வி?" என்றேன்.

வண்டி பறக்கவில்லை. மெதுவாகத்தான் ஏறியது. ஒரு ஜீப் எங்களை முந்திப் போனது, ஒரு பஸ்ஸும் முந்திப் போனது. அந்த வளைவு வந்ததும் நான் சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். அவர் கியரைக் குறைத்தார். எஞ்சின் குரல் கனத்தது, இளைக்கவில்லை. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பினார். வண்டி உறுமிக்கொண்டே வளைவை ஏறி நேரானது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டோம். அந்தச் சத்தம் கேட்டு இருவருக்கும் சிரிப்பு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

மேலே உரத்தை இறக்கிவிட்டு நல்ல விலையில் தார் எடுத்தேன். திரும்பி இறங்கும்போது ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. எப்போது கண் அசந்தேனோ தெரியாது. மண்டி வாசலில் அவர் என் தோளைத் தட்டி எழுப்பியபோது, சுமை இறக்குகிறவர்கள் பின்கதவைத் திறந்து தார்களை இறக்க ஆரம்பித்திருந்தார்கள்.