வைக்கோல் தின்ற சைக்கிள்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். இராமநாதபுரத்தில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் நான் டிரில் டீச்சர். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரைச் சைக்கிளில் கோயில் பார்க்கக் கூட்டிப்போக அனுமதி கேட்டேன். பள்ளிக்கூட மேனேஜர் லேசில் விடவில்லை.

"போங்க. பின்னாலயே கூண்டு வண்டி வரும். ஒரு பிள்ள அதுல ஏறித் திரும்பினாலும், அப்புறம் இங்கன சைக்கிள் பேச்சே இருக்கக் கூடாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சரி என்று சொல்லிவிட்டேன்.

கருக்கலில் கிளம்பி, திருப்புல்லாணியில் பெருமாளைச் சேவித்துவிட்டு, வெயில் ஏறுமுன் உத்தரகோசமங்கை போய்விட்டோம். வழிநெடுக ஊர்ச்சனம் வேலையைப் போட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தது. நான் முன்னால் மிதித்தேன், தலைகால் புரியாத பெருமையோடு. அந்தப் பெருமையில்தான், கோயிலுக்குள் போகுமுன், நிழலாக இருக்கிறதே என்று சைக்கிள்களை உடைமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். உடைமரத்தடி முழுக்க முள். எங்கள் சீமைக்காரர்களுக்கு நிழலைக் கண்டால் மட்டும் புத்தி வேலை செய்யாது.

சாமி கும்பிட்டு வந்தால், இரண்டு சைக்கிள்களில் காற்று இல்லை. ஊருணித் தண்ணீரில் டியூபை முக்கிக் குமிழி பார்த்து ஒன்றுக்கு ஒட்டுப் போட்டேன். அதற்குள் பசை தீர்ந்துவிட்டது. மற்ற சைக்கிளுக்குரிய பிள்ளை அழத் தொடங்கினாள். அப்போதுதான் வண்டியும் வந்து சேர்ந்தது.

"ஏறிக்கங்க தாயி, மாடு சும்மாதான வருது" என்றார் வண்டிக்காரர். நல்ல மனிதர். அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

பக்கத்துக் களத்தில் கதிரடித்துக்கொண்டிருந்தார்கள். டியூபுக்குப் பதிலாக டயருக்குள் வைக்கோலை அடைத்தால் என்ன? கேட்டதும் களத்துக்காரி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"ஏத்தா, எங்க மாடுதான் இதத் திங்கும். ஒங்க சைக்கிளுமா?"

சிரித்துக்கொண்டே அவளும் எங்களோடு உட்கார்ந்து வைக்கோலைப் பிரியாக முறுக்கினாள். தண்ணீர் தெளித்து, டயருக்குள் திணித்து இறுக்கினோம். மாட்டுக்கென்று ஒரு கட்டு வைக்கோலை வண்டியிலும் போட்டாள்.

அழுத பிள்ளைக்கு என் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, வைக்கோல் சைக்கிளில் நான் ஏறினேன். எலும்பெல்லாம் கழன்றுவிடும் போல ஒரே குலுக்கல். வலியில் கண் கலங்கியது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டி வெகுதூரம் பின்தங்கிவிட்டது. ஊருக்குள் ஏழு பேரும் மணியடித்துக்கொண்டே நுழைந்தோம்.

மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். எங்களைப் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார்.

"வண்டி எங்க டீச்சர்?"

"வருதுங்கய்யா. யாரு ஏறியிருக்கான்னு நீங்களே பாருங்க."

நாங்கள் முகம் கழுவிக் காப்பி குடித்து முடித்த பிறகுதான் வண்டி வந்தது. மேனேஜர் விறுவிறுவென்று போய்த் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். உள்ளே வைக்கோல் கட்டு மட்டும் இருந்தது.