யாரும் கேட்காத அட்டை

ஜெசிந்தா மேரிக்குப் பயம் கூடப் பிறந்தது. மாதா கோயில் திருவிழாவில் வெடி போட்டால் பீடத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் மூன்று வருஷம் ஷிப்ட் பார்த்தபோது, நின்றுபோன மெஷினைக்கூட இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, பத்து விரலோடுதானே வீடு வந்து சேர்ந்தாள்.

அப்புறம் தபாலில் படித்து, வில்லியனூரில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். மாடியில் ஒரே அறை, ஆறு பேர். வயலில் இருக்கிற மோட்டாரை வீட்டிலிருந்தபடியே போனில் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்கிறார்கள். ஜெசிந்தா கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதுகிறவள் இல்லை. விவசாயிகளிடம் பேசி, அவர்களுக்கு வேண்டியதை ஒவ்வோர் அட்டையாக எழுதிச் சுவரில் ஒட்டுவது அவள் வேலை. எது முதலில், எது பிறகு என்று வரிசை வைப்பதும் அவள்தான். இரண்டு வாரம் ஒரு தவணை, ஸ்பிரிண்ட் என்கிறார்கள். மேலே ஒட்டிய அட்டைகளை அந்த இரண்டு வாரத்தில் முடித்தாக வேண்டும். கீழே இருப்பவை காத்துக்கிடக்கும்.

மாசி மாதத்தில் இரண்டு அட்டைகளுக்குள் போட்டி வந்தது. தினமும் சில மணி நேரமே வருகிற மும்முனை கரண்ட் வந்த உடனே மோட்டார் தானாக ஓட வேண்டும் என்பது ஒன்று. அதற்கு ஆட்டோ என்று பெயர். பெட்டி வாங்கிய இருபத்தேழு பேரும் அதைத்தான் கேட்டார்கள். இன்னொன்றை அவளே எழுதியிருந்தாள். கொட்டகைக்குள் ஒரு சுவிட்ச். உள்ளே போகிற ஆள் அதைத் திருப்பிவிட்டால், அவர் வெளியே வரும்வரை போனோ ஆட்டோவோ எது சொன்னாலும் மோட்டார் ஓடக் கூடாது. இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

மணிவண்ணன்தான் அந்த ஆறு பேருக்கும் தலைவன். "இது விவசாயி கேட்ட கார்டு இல்ல ஜெசிந்தா, உன் பயம் கேட்ட கார்டு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, தன் கையாலேயே அந்த அட்டையைப் பிய்த்து அடியில் ஒட்டினாள். அவள் செய்த தப்பு அதுதான். வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது.

ஆட்டோ வந்து பத்து நாள் ஆகியிருந்தது. தினமும் காலையில் எல்லோரும் சுவர் முன்னால் நின்று அன்றைய வேலையைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒரு விவசாயியையாவது கூப்பிட்டு விசாரிப்பது அவள் வழக்கம். அன்றைக்குப் பாகூர் சிங்காரவேலுவைக் கூப்பிட்டாள். அவர் மனைவி தையலம்மாள் எடுத்தாள். நேற்று பெல்ட் அறுந்துவிட்டதாம், புதுசு மாட்டுவதற்குக் கொட்டகைக்குப் போயிருக்கிறாராம்.

மோட்டாரில் கை வைப்பதற்கு முன் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். பிடுங்கினவர் வராமல் வேறு யாரும் மோட்டாரைப் போட முடியாது. பிடுங்கிக்கொண்டுதானே போனார் என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்குப் பாப்பா? மோட்டார் நின்னுச்சின்னு போன்லதான் சேப்பா காட்டுதே. பாத்துட்டுதான் போனாரு."

ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தச் சிவப்புக்கு அர்த்தம், இப்போது ஓடவில்லை என்பது மட்டும்தான். ஆட்டோ போட்டபடி இருக்கிறது. பத்து மணிக்கு மும்முனை கரண்ட் வரும். மணி ஒன்பது நாற்பது.

ஆட்டோவை இங்கிருந்தே நிறுத்தச் சொன்னாள். மணிவண்ணன் தட்டிப் பார்த்தான், மறுபடியும் தட்டினான். சிங்காரவேலுவின் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி. கொட்டகையில் இருக்கிற பெட்டிக்குச் சிக்னல் இல்லை. சொல் போய்ச் சேராது.

"அம்மா, ஓடுங்க. போன வெக்காதீங்க, கையிலயே புடிச்சிக்கிட்டு ஓடுங்க. கைய எடுக்கச் சொல்லுங்க."

ஏன் என்று தையலம்மாள் கேட்கவில்லை, ஓடினாள். வளையல் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், எங்கேயோ ஒரு நாய். ஜெசிந்தா அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து, பாதியில் வார்த்தை மறந்து நின்றாள். சின்ன வயதிலிருந்து சொல்கிற ஜெபம்.

அப்போது மோட்டார் கேட்டது. முதலில் ஒரு முனகல், பிறகு முழு ஓட்டம். கரண்ட் முன்னாலேயே வந்துவிட்டது. போன் கீழே விழுந்த சத்தம். அதற்குப் பிறகு மோட்டார் மட்டும்தான். ஒரு நிமிஷம்கூட இருக்காது என்று மணிவண்ணன் பின்னால் சொன்னான். அவள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

"யாரு போன்ல? இவ இன்னாத்துக்கு அழுவுறா?" சிங்காரவேலுவின் குரல்.

பெல்ட்டைப் பாதி மாட்டிவிட்டு, பீடி பற்றவைக்க வெளியே வந்திருக்கிறார். சக்கரத்தின் மேல் போட்டிருந்த துண்டு நார் நாராகக் கிழிந்து கிடந்ததாம்.

அதற்கப்புறமும் ஜெசிந்தாவுக்குப் பயம் இறங்கவில்லை. இன்னும் இருபத்தாறு வீடு இருக்கிறதே. வெள்ளிக்கிழமை மோட்டார் கம்பெனிக்காரர்கள் ஆட்டோவைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மொத்தமாக வாங்கத்தான் வருகிறார்கள், அதுவரை விட்டுவைப்போம், ஜாக்கிரதை என்று எல்லோருக்கும் ஒரு மெசேஜ் போடலாம் என்றான் மணிவண்ணன்.

"போன் வூட்டுல இருக்குதுண்ணா. ஆளு கொட்டாயில இருக்காரு" என்றாள்.

சுவருக்குப் போய், அடியில் கிடந்த அட்டையை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினாள். அவசரத்தில் அது கோணலாக ஒட்டிக்கொண்டது. மணிவண்ணன் அதைப் பார்த்தான், பிறகு அவனே உட்கார்ந்து, சிக்னல் கிடைத்த இருபத்து நான்கு பெட்டிகளிலும் ஆட்டோவை எடுத்தான். மூன்று பெட்டிகள் சாம்பல் நிறத்திலேயே நின்றன. நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

ஸ்கூட்டரில் முதலில் பாகூர் போனாள். சிங்காரவேலு நன்றி சொல்வார் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்பாள். ஆட்டோவை எடுக்க வந்ததாகச் சொன்னதும் அவருக்குக் கோபம். பத்து நாளாகத்தான் வேளை கெட்ட வேளையில் வயலுக்கு ஓடாமல் இருக்கிறாராம்.

"என் கை என்கிட்டதான் இருக்குது. ஆட்டோ இல்லாத பெட்டி எனக்கு எதுக்கு? கழட்டி எடுத்துக்கினு போ."

பெட்டி வாங்கிய முதல் விவசாயி இவர். இவர் போனால் இவரைப் பார்த்து வாங்கிய மற்றவர்களும் போவார்கள்.

"கழட்டிக்கிறேன்யா. அந்த சுவிட்ச் முடிஞ்சதும் நானே எடுத்தாரேன். அப்பவும் புடிக்கலன்னா வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. வரப்பில் இறங்கிப் போய்விட்டார். தையலம்மாள்தான் ரோடு வரைக்கும் கூட வந்தாள். பெட்டி எப்போது திரும்ப வரும் என்று கேட்டாள். தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தனக்கு வேலை இருக்குமா என்பதே தெரியவில்லை என்றாள் ஜெசிந்தா.

பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். அடுத்த பெட்டி பூரணாங்குப்பத்தில். காலையிலிருந்து கூப்பிட்டும் அந்த வீட்டில் இன்னும் யாரும் போனை எடுக்கவில்லை.