கன்று கட்டிய ஆக்ஸில் தண்டு

அகரத்தில் அக்கா வீட்டுக் கொல்லையில் கன்றுக்குட்டி கட்டுவதற்கு ஓர் இரும்புத் தண்டு நட்டிருக்கிறது. பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கும். வெளியே தெரிகிற தலைப்பக்கத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அந்த வரிகள் நேராக இல்லை. ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு போகின்றன. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அன்றைக்கு நாகல் நகர் ஷெட்டில் யார் யார் இருந்தோம் என்று மனசு எண்ண ஆரம்பித்துவிடுகிறது. அக்காவின் வீட்டுக்காரரான மச்சான் இருந்தார். ஷெட்டுக்குச் சொந்தக்காரரான மெக்கானிக் பாய் இருந்தார். காரைக் கொண்டுவந்த டிரைவர் இருந்தார். நான் இருந்தேன். இல்லாதவர்கள் இரண்டு பேர். காரை விற்கிற புகையிலைக் கிட்டங்கிச் சின்ன முதலாளி, அவசியம் வந்திருக்க வேண்டியவர், வரவில்லை. அக்காவும் இல்லை. அவள் பேரில் இருந்த கிணற்றடி நிலத்தை விற்றுத்தான் அந்தக் காரை வாங்குவதாக இருந்தது.

நயா பைசா வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்பதால், காரின் காகிதங்களைப் படித்துச் சொல்ல மச்சான் என்னையும் கூட்டிப்போனார். அவர் லாரி ஓட்டியவர். குட்டையான, கழுத்து தடித்த ஆள். கோபம் வந்தால் கை முதலில் போகும், பேச்சு பின்னால் வரும். டீசல் திருடிய கிளீனரின் தலையைப் பிடித்து லாரிக் கதவில் மோதியதை, சோற்றைப் பிசைந்துகொண்டே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அக்காவை அவர் அடித்ததில்லை. ஆனால் அக்காவுக்கு முன்னால் சுவரைக் குத்தியிருக்கிறார். சுண்ணாம்பு பெயர்ந்த அந்த இடத்தில் அக்கா காலண்டர் மாட்டியிருந்தாள். இனிமேல் யாருக்கும் வேலைக்காரனாக லாரி ஓட்டுவதில்லை, சொந்தமாக ஒரு டாக்ஸி விட வேண்டும் என்பது அவருடைய வெறி. அதிலும் குறிப்பாக அந்தக் கார்தான் வேண்டும்.

அந்தக் கார்தான் என்று அவர் பிடித்த பிடிக்குக் காரணம் பந்தயம். தாடிக்கொம்பு ரோட்டில், அகரத்துக்குப் பக்கத்தில், வளைவே இல்லாத ஒரு துண்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரங்களில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இரண்டு கார்களை அங்கே ஜோடியாக நிறுத்துவார்கள். முதலாளி மகன்கள் பின்சீட்டில் இருப்பார்கள், ஓட்டுவது டிரைவர்கள். பாலத்துக் கட்டைமேல் ஒருவன் ஏறி நின்று துண்டை உதறினால் புறப்பட வேண்டும். அடுத்த மைல்கல்லை முதலில் தாண்டுகிறவனுக்கு ஜெயம். எஞ்சினை அலற விட்டு, கிளட்சிலிருந்து இடது காலை ஒரே வெட்டாக எடுப்பார்கள். கார் பின்பக்கம் குந்தி, மாடு முட்டப் பாய்வதுபோல் கிளம்பும். டயர் புகையும். தெறித்த கல் வேடிக்கை பார்த்த ஒருவனுடைய நெற்றியைப் பிளந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. கார் நிற்கவில்லை. குடல் சரிந்து துடித்த ஆடுகளுக்கு நடுவில், அவற்றை மேய்த்துவந்த கீதாரி மண்ணில் கையை அறைந்து அழுதார். ரோட்டில் ரத்தம் காய்வதற்குள் அடுத்த ஜோடியை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கும் ஜெயித்தது கிட்டங்கிக் கார்தான். மச்சான் வாயில் இரண்டு விரலை வைத்து விசிலடித்துக்கொண்டு, காரிலிருந்து இறங்கிய டிரைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அந்தக் காரை விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. பந்தயத்தில் அடிபட்டதெல்லாம் பழைய சாமான், உள்ளே எல்லாம் புதுசு மாற்றியாயிற்று என்று சின்ன முதலாளி சொன்னார். அதைச் சோதிக்கத்தான் பாயின் ஷெட்டுக்கு வந்தோம். சோதிக்க வேண்டியது டிபரன்ஷியல். எஞ்சினிலிருந்து வருகிற சுழற்சியைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரங்கள், பின்பக்கத்து இரும்புக் கூட்டுக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். பந்தயத்தில் உதை வாங்குவது அதுதான். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குள் அப்போது எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் கூட்டின் மூடியை விற்கிறவர் எதிரில்தான் அவிழ்க்க வேண்டும். முதல் போல்ட்டில் அவர் தன் கையால் ஸ்பானரை வைத்துக் கொடுப்பார். உள்ளே கெட்டிருந்தால் அங்கேயே விலையைக் குறைப்பார், இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார். அவருக்குப் பதிலாக வேறொருவர் ஸ்பானரை வைத்தால், நல்லதோ கெட்டதோ அந்த ஆளே சொந்தக்காரராக நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாளி வராததைப் பார்த்த பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "மொதலாளி வரட்டும் அப்பு, நாளைக்கு அவுப்போம்" என்றார். மச்சானுக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. "வண்டிய ஜெயிக்க வச்ச ஆளே வந்திருக்காரு. இவரு வச்சா பத்தாதா பாய்?" என்றார். டிரைவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு குனிந்து முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தார்.

காரின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டைகள்மேல் நிறுத்தியிருந்தது. பாய் கியரைப் போட்டுவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தார். ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஆட்டம் இருந்தது, ஆனால் பல்லோடு பல் மோதுகிற சத்தம் கொஞ்சமும் இல்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. தகரத் தட்டை அடியில் வைத்து மூடியை நெம்பினார். எண்ணெய் வடியவில்லை. கூழ்போல் கட்டி கட்டியாக விழுந்தது. ஷெட் முழுக்கச் சிறுமலை வாழைப்பழத்தின் வாசனை. பாய் விரலால் தொட்டு முகர்ந்து, "பஞ்சாமிர்தம் பண்ணியிருக்காக" என்றார். மரத்தூளையும் வாழைப்பழத்தையும் கெட்டி கிரீஸில் பிசைந்து திணித்திருந்தார்கள். தேய்ந்த பற்கள் ஒன்றோடொன்று மோதினாலும் வெளியே சத்தம் கேட்காது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியதும் பல்சக்கரம் தெரிந்தது. ஒவ்வொரு பல்லிலும், முன்னால் இழுக்கிற பக்கம் அம்மைத் தழும்புபோல் குழிகுழியாக இருந்தது. ஓரங்கள் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தன. மறுபக்கமோ புதுசுபோல் மின்னியது. நிதானமாக ஓடிய வண்டியில் பல் வழவழவென்று சீராகத் தேய்ந்திருக்கும், இது தேய்ந்ததில்லை, அடி வாங்கியது என்றார் பாய். பிறகு சக்கரத்தைக் கழற்றி, அதைச் சுழற்றுகிற ஆக்ஸில் தண்டை உருவிச் சாக்கின்மேல் வைத்தார். நேராக இருக்க வேண்டிய வரிகள் முறுக்கிக்கொண்டிருந்தன. எத்தனை புறப்பாட்டின் உதை அந்த இரும்பில் இறங்கியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்தது.

மச்சான் குனிந்து அந்த முறுக்கிய வரிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"பந்தயத்துல ஓட்டுனது பூராம் நீங்கதேனே?" என்றார்.

"நான்தேண்ணே."

"பழத்த அடைச்சது?"

டிரைவர் கழிவு நூலால் கையைத் துடைத்துக்கொண்டே, "அதுவும் நான்தேன். மொதலாளி அடைன்னாரு, அடைச்சேன். மூடிய அவுத்த பொறவு என்னத்த மறைக்க? அண்ணே, இந்தப் பல்சக்கரச் செட்டு மதுரையில நூத்தி எம்பது ரூவாதேன். நீங்க முந்நூறு கொறச்சுக் கேளுங்க, அவரு கட்டாயம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லி முடிக்கவில்லை. மச்சான் அந்த ஆக்ஸில் தண்டை இரண்டு கையாலும் எடுத்து, மரம் வெட்டுகிறவன்போல் பக்கவாட்டில் வீசினார். அது டிரைவரின் இடது முழங்காலில் விழுந்தது. காய்ந்த கரும்பை ஒடித்ததுபோல் ஒரு சத்தம். அவர் மண்ணெண்ணெய்த் தட்டின்மேல் விழுந்தார். மறுபடியும் அதே காலில் ஓர் அடி. "ஒனக்காகத்தேன்லே தொண்ட வறள விசிலடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே மச்சான் மூன்றாவது முறை ஓங்கினார். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவர் முழங்கை என் வாயைக் கிழித்தது. பாய் குறுக்கே விழுந்து தண்டைப் பிடித்துத் தொங்கினார். மூன்று பேரும் எண்ணெய்ச் சேற்றில் உருண்டோம். எழுந்து பார்த்தபோது டிரைவரின் கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வேட்டியைக் குத்திக்கொண்டு எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கடா என்று பாய் கத்தினார். எதில் கொண்டுபோவது? கண்முன்னே ஒரு கார், குடலை உருவிப்போட்ட ஆடுபோல் கட்டைமேல் நின்றது. மச்சான் தெருவுக்கு ஓடினார். வெங்காய மூட்டை ஏற்றுகிற தள்ளுவண்டி ஒன்றை யாரிடமோ பிடுங்கிக்கொண்டு வந்தார். டிரைவரைத் தானே தூக்கி, வண்டியில் விரித்த சாக்கின்மேல் கிடத்தினார். நான் கைவைக்கப் போனேன், தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் ஒருவரே இழுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் ஓடிய எனக்கு, சாக்கிலிருந்து சொட்டிய ரத்தம் வழி காட்டியது. வழியில் ஒரே ஒரு தடவை டிரைவர் கண்ணைத் திறந்து, "கிளச்சுக் காலுண்ணே" என்றார்.

எலும்பு கூடியது. முழங்கால் மடங்கவில்லை. போலீசுக்குப் போகாமல் டாக்ஸி ஸ்டாண்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். சின்ன முதலாளி அதற்கும் வரவில்லை. ஸ்பானரை வைத்தது டிரைவர், ஆகவே பதில் சொல்ல வேண்டியவரும் டிரைவர், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி அனுப்பினார். வழக்கப்படி அது சரிதான் என்று பெரியவர்களும் தலையாட்டினார்கள். பிறகு சின்ன முதலாளி டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தினார். காருக்குப் புதுத் தண்டும் செட்டும் போட்டு ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவருக்கு விற்றார். ஏமாற்றியவர் மேல் ஒரு தூசும் விழவில்லை என்பதை, இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் என்னால் ஆத்திரமில்லாமல் எழுத முடியவில்லை. அந்த ஆத்திரத்தைக் கண்டு நானே பயப்படுகிறேன். அன்றைக்கு மச்சான் கையில் இருந்ததும் அதுதானே.

டிரைவர் இப்போது ஸ்டாண்டுக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். நீட்டிய காலை ஒரு சோடாப் பெட்டிமேல் போட்டு உட்கார்ந்திருப்பார். மச்சான் மறுபடியும் அடுத்தவர் லாரியைத்தான் ஓட்டுகிறார். அந்த வழியாக வரும்போது ஹாரன் அடிப்பதில்லை, டிரைவர் ஏறிட்டுப் பார்ப்பதும் இல்லை. பாயிடமிருந்து பழைய தண்டைக் கேட்டு வாங்கிவந்து, கொல்லையில் குழி தோண்டி நட்டது மச்சான்தான். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. கன்றைக் கொண்டுபோய்க் கட்டினாள். சுவரில் காலண்டர் அதே இடத்தில் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் புதிதாகச் சுண்ணாம்பு பெயரவில்லை.

போன வாரம் போயிருந்தேன். பால் குடிக்கிற அவசரத்தில் கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. முறுக்கிய வரிகளில் கயிறு கவ்விப் பிடித்திருந்தது, தண்டு அசையவில்லை. சாணி அள்ளிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே, "இழு, இழு. நீ இழுக்குறது அம்புட்டும் நம்ம நெலம்தேன்" என்றாள். மச்சான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நூற்று எண்பது ரூபாய் செட்டைப் பார்க்கத்தான் நாங்கள் அந்த ஷெட்டுக்குப் போனோம். பெரியவர்கள் பேசி முடித்தபடி ஆஸ்பத்திரிக்கும் டிரைவர் வீட்டுக்கும் கொடுத்தது, கிணற்றடி நிலம் போன விலை மொத்தமும்: இரண்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.