புது ஆக்களுக்குக் கை குடுக்கிற வேலை

கலியாண வீட்டு வாசலிலை சந்தனக் கும்பாவோட நிண்ட ஆக்களுக்கு என்ர பாடு விளங்கும்: வாற எல்லாரையும் பார்த்துச் சிரிக்கவேணும், ஆனால் ஒருத்தரும் உங்களைப் பார்க்க வந்திருக்க மாட்டினம். லண்டன் ஹரோவிலை, சனிக்கிழமைப் பின்னேரம் நடக்கிற காண்ட்ரா நடனத்துக்கு வாற புது ஆக்களை நான் வரவேற்கிறனான். எதிரும் புதிருமாய் இரண்டு நீள வரிசை. மேடையிலை நிக்கிறவர் அடுத்தது என்னெண்டு சொல்லுவார். ஒரு சுற்று முடிய பாதிச் சோடி மேலுக்கும் பாதி கீழுக்கும் ஒரு இடம் நகர்ந்து, புதுச் சோடியோட ஆடவேணும்.

கதிரை

நான் முதல் நாள் போனபோது ஒருத்தரும் என்னை ஆடக் கேக்கேல்லை. பழைய ஆக்கள் தங்களுக்குள்ளை முன்னமே பேசி வைச்சிட்டினம். சுவரோரம் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்த அவமானம் இண்டைக்கும் சுடுது. தேத்தண்ணி நேரம் வீட்டை போவமெண்டு குளிர் ஜாக்கெட்டை எடுத்தன். நடத்துற மார்கரெட் ஓடி வந்து கதவை மறிச்சா.

"பிழை எங்களிலைதான். இனி வாசலிலை நீங்கள் நில்லுங்கோ."

தலைச்சுத்து

கோலாலம்பூரிலை இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கின கணக்காளர் ஒருவர். சோடியாய்ச் சுத்தேக்கை எதிரிலை நிக்கிறவரின்ர கண்ணைப் பார்த்தால் தலை சுத்தாது எண்டு சொல்லிக் குடுத்தன். மனுசன் வெக்கப்பட்டுக் கூரையைப் பார்த்தார். மூண்டாம் சுத்திலை விழப் பார்த்தவரைப் பிடிச்சு இருத்தித் தண்ணி குடுத்தன்.

"எம் பொண்டாட்டியவே இவ்ளோ நேரம் பாத்ததில்லங்க."

பிரிச்ச சோடி

புது ஆக்கள் இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் இரண்டு பேரும் வழி தவறிப் போவினம். அதாலை முதல் ஆட்டத்துக்குச் சோடியைப் பிரிக்கிறது எங்கட வழக்கம். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலை இருந்து தவம் அண்ணையும் மலர் அக்காவும் வந்திச்சினம். "தம்பி, எங்களைப் பிரிக்காதேங்கோ" எண்டா அக்கா. "ஒரு ஆட்டம்தானே" எண்டு பெரிய கெட்டித்தனமாய் அண்ணையை மார்கரெட்டோட அனுப்பிப்போட்டு, அக்காவோட நான் நிண்டன்.

ஆடிக்கொண்டிருக்கேக்கை அக்கா மெல்லச் சொன்னா: "மகன் செத்து ஒரு வருஷம். அண்டையிலை இருந்து இவர் என்ர கையைத் தொடேல்லை. இங்கை எல்லாரும் கை பிடிக்கிறவையாம் எண்டுதான் இழுத்துக்கொண்டு வந்தனான்." ஐயோ, அவையைத்தான் நான் பிரிச்சுப்போட்டன். அண்ணை நாலு சோடி தள்ளி நிண்டார். சுற்றுக்குச் சுற்று நாங்கள் அங்காலை, அவை இஞ்சாலை. இடையிலை இரண்டு சோடி, பிறகு ஒருத்தருமில்லை.

நேருக்கு நேர் வந்தாச்சு. கை பிடியுங்கோ எண்டு மேடையிலை இருந்து குரல் வந்தது. வரிசையிலை எல்லாருக்கும் நீட்டின மாதிரி அண்ணை கையை நீட்டினார். அக்கா பிடிச்சா. அண்ணையின்ர முகம் கோணிப்போச்சு. சுற்று முடிஞ்சுது, அவர் விடேல்லை. பின்னாலை வந்த சோடிகள் முட்டி, வரிசை முழுக்கக் குழம்பிப்போச்சு. நான் கிட்டப் போக, அண்ணைதான் சொன்னார்:

"மற்ற ஆக்கள் போகட்டும் தம்பி. நாங்கள் இதிலை கொஞ்சம் நிக்கிறம்."

இப்பவும் நான் சோடிகளைப் பிரிக்கிறனான்தான். என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு கேட்டுப்போட்டுப் பிரிக்கிற அளவுக்கு மட்டும் புத்தி வந்திருக்கு.