காரின் உள்கூரைக்கு நான் ஒட்டிய நீலத் துணி

பிள்ளைகளா, நம் பழைய காரை ஏன் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன் என்று போன முறை வந்தபோது இரண்டு பேரும் கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் படித்த தமிழ்தான் எனக்கு. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் ஒன்றைத் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது தவறு என்று தெரிந்தும் நான் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மூத்தவள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், சின்னவன் ஹாஸ்டலில் சேர்ந்த வருடம் அது. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடிந்து வரும்போது அவளால் நேராக உட்கார முடியாது. முன்சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள்.

காரின் உள்கூரைத் துணி அப்போதுதான் தொங்க ஆரம்பித்தது. நம் ஊர் வெயிலில் நிற்கிற பழைய கார்களுக்கெல்லாம் வருகிற வியாதிதான் அது. துணிக்கும் மேலே இருக்கிற அட்டைக்கும் நடுவில் மெல்லிய ஸ்பாஞ்சு இருக்கும். அது உளுத்துப் பொடியாகிவிட்டால் துணியைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. நான் குண்டூசி குத்தி வைத்தேன். குத்திய இடம் நின்றது, அடுத்த இடம் தொங்கியது. "கல்யாணப் பந்தல்ல கூட இவ்வளவு தொங்காதுங்க" என்று அம்மா கேலி செய்வாள்.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும் வழியில், ரோட்டுப் பள்ளத்தில் கார் குதித்ததும் ஊசிகள் கழன்று துணி மொத்தமாக அவள் முகத்தின் மேல் விழுந்தது. கையைத் தூக்கி விலக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. எனக்கு முன்னால் ஒரு டாங்கி லாரி, பின்னால் ஆலை பஸ். நிறுத்த இடமில்லை. இடது கையால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். துணிக்கு அடியில் அவள் மூச்சு விடுவது தெரிந்தது. நம் ஆட்களுக்கு முகத்தில் துணி போடுவது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஒருவழியாக விலக்கியதும் அவள்தான் முதலில் பேசினாள்.

"மூஞ்சிய மூடுற நாள் இன்னும் வரலைங்க. உங்க காருக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

நான் சிரித்துவிட்டேன். நம் குடியிருப்புத் தாமானுக்குள் திரும்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த தடவைக்குள்ள இத எடுத்துடுங்க. பயமா இருக்கு." அந்த வியாதிக்காரியிடமிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அவளை வீட்டில் விட்டுவிட்டு, கார் சீட் தைக்கிற சீனர் கடைக்குப் போய்க் கேட்டேன். மூன்று நாள் காரை விடச் சொன்னார். ஒட்டி முடித்த பிறகு, கதவெல்லாம் திறந்து போட்டு இரண்டு நாள் காற்றாட விட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிப்போக வேண்டுமே, எப்படி முடியும்? நானே செய்துவிடலாம் என்று பசை டின் வாங்கிக்கொண்டேன். அவர் காற்றாட விடுவதைப் பற்றிச் சொன்னதை, வேலையை இழுத்தடிக்கச் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் துணிக்கடைக்கு நான் மட்டும் போய் மாதிரிக்கு இரண்டு துண்டு வாங்கி வந்து காட்டினேன். ஒன்று வெள்ளை, ஒன்று வெளிர் நீலம். அவள் வெள்ளையைக் கையில் கூட வாங்கவில்லை.

கடை அடைக்கும் முன் நீலத்தை வாங்கி வந்தேன், ஞாயிறு காலை வேலை தொடங்கியது. கைப்பிடி, விளக்கு, வெயில் தடுப்பு எல்லாவற்றையும் கழற்றி, அட்டையை வளைத்துப் பின்கதவு வழியாக வெளியே எடுத்தேன். உளுத்த ஸ்பாஞ்சு மஞ்சள் மாவு மாதிரி கொட்டியது. பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அட்டையிலும் துணியிலும் பசை தடவி, கை வைத்தால் லேசாக ஒட்டுகிற பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி ஒட்டினேன். அம்மா வாசலில் நாற்காலி போட்டு, பசை நாற்றத்துக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள். "அந்தா, அங்க ஒரு கொப்புளம். இல்ல, உங்க இடது கைப்பக்கம். இத்தன வருஷமாகியும் இடது வலது தெரியலயே." நீவி முடித்தபோது ஒரு சுருக்கம் இல்லை. நானே ஆச்சரியப்பட்டேன். மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அட்டையை உள்ளே மாட்டி, நனையக்கூடாது என்று கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமையும் மழையும் வெயிலுமாக இருந்தது. நான் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன், கார் மூடியபடியே நின்றது.

செவ்வாய் காலை நான் காரில் ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. இங்கேதான் நான் செய்த தப்பு. பாசிர் கூடாங்கில் இருபது வருடம் ரசாயன ஆலை வேலை. நமக்கு முன்னாடியே நம் மூக்கு பென்ஷன் வாங்கிவிட்டது என்று நாங்கள் ஷிப்டில் பேசிச் சிரிப்போம். வீட்டில் பால் தீய்ந்தால்கூட அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு காரைச் சோதித்தேன்.

அம்மா எனக்கு முன்னாலேயே கிளம்பி, போர்வைப் பையோடு கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஏறியதும் மேலே பார்த்தாள். "வானம் மாதிரி இருக்குங்க" என்றாள். இரண்டாவது சிக்னல் தாண்டுவதற்குள் தலை சுற்றுகிறது, பசை நாற்றம் தாங்கவில்லை என்றாள். நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, எனக்கு ஒன்றும் வரவில்லையே, நீயாக நினைத்துக்கொள்கிறாய் என்று சொன்னேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றும் சொன்னேன். அவளும் பொறுத்தாள். வாந்தி வந்தது. நிற்கவில்லை. கண் சொருகியது. பயந்துபோய் வீட்டுக்குத் திருப்பிவிட்டேன்.

முகம் கழுவி, படுக்க வைத்து, டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்தேன். அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமையும் நிறைந்துவிட்டது, வியாழன் வாருங்கள், மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் தாதி. வாடகைக் காரில் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. "ரெண்டு நாள்தானே, தண்ணி குடிக்காம இருந்துக்கிறேன்" என்று அவளே எனக்குத் தைரியம் சொன்னாள்.

சனிக்கிழமை சுத்தம் செய்த ரத்தம். புதன் மத்தியானம் அவளால் படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கால் இரண்டும் வீங்கி, மூச்சு தண்ணீருக்குள் விடுவது போலச் சத்தம் போட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் தன் காரில் கூட்டிப்போனார். நம் காரை வாசலில் தாண்டித்தான் அவளைத் தூக்கிப்போனோம். நுரையீரலில் நீர் ஏறிவிட்டது, இதயமும் அடிபட்டுவிட்டது என்றார் டாக்டர்.

மூத்தவளே, நீ எல்லை தாண்டி ஓடி வந்தாய். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாய்: "ஏம்மா போகல? ஒரு நாள் விட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

அம்மா மாஸ்க்கை விலக்கிச் சொன்னாள்: "நான்தான் வரமாட்டேன்னு அடம் பிடிச்சேன். அப்பாவ ஒண்ணும் கேக்காத."

நான் இந்தப் பக்கம் நின்றேன். நகக்கண்ணில் காய்ந்த பசை இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிழைத்து வந்தாள். ஆனால் பழைய இதயம் திரும்ப வரவில்லை. ஏழு மாதம் இருந்தாள். அந்த ஏழு மாதமும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அந்த நீலத் துணிக்குக் கீழே படுத்துத்தான் போய் வந்தாள். ஒரு நாள்கூட என்னைக் குத்திக்காட்டவில்லை. அதைவிடக் குத்திக்காட்டியிருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியத்தில், "அன்னைக்கு மட்டும் அடம் பிடிக்காம போயிருந்தா இன்னும் இருந்திருப்பாங்கப்பா" என்று நீ அழுதாய். சின்னவனும் தலையாட்டினான். வீடு நிறைய ஆட்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை நீங்கள் அதைச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

துணி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஓரத்தில்கூடப் பிரியவில்லை. அடுத்த முறை வரும்போது காரில் ஏறி மேலே பாருங்கள். உங்கள் அம்மா அடம் பிடிக்கவில்லை. அன்று காலை செருப்பு மாட்டி, பையை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னாலேயே கேட்டில் நின்றவள் அவள்தான். திருப்பிக் கொண்டுவந்தவன் நான்.