மாவடை மரவடைக்கு அடுத்த வரி

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. அன்றைக்கு மட்டும் அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில் மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கூடப் பிறந்த அக்கா இல்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் என் அம்மாவுக்கு விசா கிடைக்காமல் போனபோது, பிரசவம் முடிந்து நாற்பது நாள் எனக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். இரண்டு பேருக்கும் ஒரே தாலுகா. அது போதும், இந்த ஊரில் அக்காவாக.

அவர் மகனுக்குக் கல்யாணம். ரிசப்ஷன் ஹால் வாசலில் வம்ச மரத்தைப் பெரிய பேனராக வைக்க வேண்டும் என்று ஆசை. வம்சாவளி சாஃப்ட்வேர் எனக்குப் பழக்கம் என்பதால் என்னைக் கூப்பிட்டார். முந்தின வாரம் சீட்டிங் சார்ட்டையும் நான்தான் டைப் அடித்தேன், அது பிரின்ட்டுக்கே போய்விட்டது. "நீ ரெண்டாவது டேபிள். ஃபேமிலி டேபிள்மா. வேற எங்கயும் ஒன்னை உட்கார விடமாட்டேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பிடிக்கும் அவரை.

என்னுடைய மரம் சின்னது. அப்பா சாவதற்கு முந்தின வருடம் போனில் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். மேலே ஒரு மனிதர், உச்சியில் அவருடைய அம்மா. "அதுக்கு மேல யாருக்கும் தெரியாதும்மா." பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்து வைத்து அந்த மனிதரின் பெயர் என் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அப்பா பெயர், அமெரிக்காவில் இனிஷியலுக்குப் பதிலாக, என் லாஸ்ட் நேம். லைசென்ஸில், ஆபீஸ் பேட்ஜில், வாசல் தபால் பெட்டியில் அவர்தான் இருக்கிறார்.

பிறந்த ஊர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். ஊரைச் சொன்னால் தெரு வரும், தெருவைச் சொன்னால் சாதி வரும். அக்கா முதல் நாளே கேட்டார், எந்த ஊர், எந்தத் தெரு என்று. டவுன்தான், பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்றேன். உண்மையில் அவர் ஊரும் என் ஊரும் ஒன்று. நடுவில் ஒரு வாய்க்கால். முழுப் பூசணிக்காயைப் பதினான்கு வருடமாகச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் தம்பி ஊரிலிருந்து பழைய பத்திரங்களை ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தார். புள்ளி இல்லாத கூட்டெழுத்து. அக்காவுக்குப் பிடிபடவில்லை. என் அப்பா பத்திரப்பதிவு ஆபீஸில் எழுத்தராக இருந்தவர், எனக்குப் படிக்க வரும். அக்காவின் பாட்டனாருக்குப் பாட்டனார் நிலம் வாங்கிய கிரயம். சத்தமாகப் படித்தேன். நஞ்சை, புஞ்சை, கிணறு, நிலத்தோடு சேரும் மரங்களான மாவடை, மரவடை. அதற்கு அடுத்த வரி: ஆள் அடிமை ஒன்பது. கீழே ஒன்பது பெயர்கள். ஏழாவதாக ஒரு பெண், எட்டாவதாக அவள் மகன், சிறுவன். அப்பா போனில் சொன்ன அதே அம்மா, அதே மகன். அந்த இரண்டு பெயரையும் மனதுக்குள்தான் படித்தேன்.

"அதெல்லாம் அந்தக் காலத்துல சும்மா எழுதறதும்மா. ப்ராப்பர்ட்டின்னு ஒரு லைன் போட்டுடு. இல்லன்னா ஸ்கிப் பண்ணிடு."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து, திரும்ப எழுந்தேன். போன வருடம் நூலகத்தில் இந்த சாஃப்ட்வேருக்கு ஒரு வகுப்பு நடந்தது. பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண்மணி, தன் முன்னோர்களை ஓர் உயிலிலிருந்து எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தார். உயிலில் கட்டிலுக்கும் பசுவுக்கும் நடுவில் இருந்தார்கள். குறிப்பில் எழுதாமல், ஆளுக்கொரு பக்கம் திறந்து, அடிமையாக வைத்திருந்தவன் யார் என்பதையும் சேர்த்தே பதிந்தார். "உங்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது, இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இருக்காது என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

உட்கார்ந்து, புது ஆள் சேர் என்பதை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஏம்மா, அவங்களை எதுக்கு என் மரத்துல போடற?"

நாலு, ஐந்து என்று அடித்துக்கொண்டே போனேன். எட்டாவது பெயரை அடித்தபோது அக்கா திரையை நோக்கிக் குனிந்தார்.

"இது உன் லாஸ்ட் நேம் இல்ல?"

"ஆமாக்கா."

"அந்தப் பேரு நம்ம பக்கம் நெறைய பேருக்கு இருக்கும்" என்றார். எனக்கு அவர் திறந்துவிட்ட கதவு அது. நுழைந்திருந்தால் எல்லாம் பழையபடி இருந்திருக்கும்.

"அவங்கம்மா பேரும் சரியா இருக்குக்கா. நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இல்ல. வாய்க்காலுக்கு அந்தாண்ட."

 ரசம் கொதிக்கிறது என்று அக்கா மேலே கிச்சனுக்குப் போனார். ஒன்பது பேரையும் ஏற்றி முடித்து, சொல்லிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் வீட்டிலிருந்து நெட்டில் பார்த்தால் அவர் மரத்தில் ஒன்பது பேரும் இல்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். மூன்றாம் நாள் அந்த அம்மா, மகன் பக்கங்களை என் மரத்தில் திறந்து, அடிமையாக வைத்திருந்தவர் என்ற இடத்தில் அக்காவின் பாட்டனாருக்குப் பாட்டனாரை எழுதினேன். அவருக்கும் என் மரத்தில் ஒரு பக்கம் ஆனது. சாஃப்ட்வேர் அக்காவுக்கு மெயில் அனுப்பிவிட்டது, உங்கள் மூதாதையர் இன்னொரு மரத்திலும் இருக்கிறார் என்று.

சாயங்காலம் போன் வந்தது.

"என்னன்னு போட்டிருக்க அவரை?"

"பத்திரத்துல இருக்கறதைத்தான்க்கா."

 "கல்யாணத்துக்கு வந்துடு" என்றார்.

"வரேன்க்கா. ரெண்டாவது டேபிள்தானே?"

"சீட்டிங் சார்ட் இன்னும் ஃபைனல் ஆகலம்மா. பார்த்துச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அந்தச் சிறுவனின் பக்கத்தில் பிறந்த ஊர் காலியாக இருந்தது. ஊரை அடித்தேன், தெருவை அடித்தேன். பிறகு அப்பாவுக்கும் அதையே அடித்தேன். கடைசியில் எனக்கும்.